நின்ற பிறகும் ஊரும் சங்கிலி

மழையாகத்தான் இறங்கியது.
தொட்ட இடத்தில் கண்ணாடியானது.
பிவ்காவுக்கு மேலே எங்கள் பீச் காடு
மூன்று இரவும் ஒடிந்துகொண்டே இருந்தது,
பக்கத்து அறையில் யாரோ
பீங்கான் அலமாரியைச் சாய்த்துவிட்டு
மறுபடி நிறுத்தி, மறுபடி சாய்ப்பதுபோல.

ஒன்பதாம் நாள். மின்சாரம் இல்லை.
லோய்ஸே என் ரம்பத்தைத் திருப்பிக் கொண்டுவந்தான்.
நன்றி சொல்லவில்லை.
"விசையை விட்டாலும் நிற்க மாட்டேன் என்கிறது."

கயிற்றை இழுத்தேன்.
இன்ஜின் தனக்குள் முணுமுணுத்தது.
விசையை நான் தொடவே இல்லை,
ஆனாலும் ஊர்ந்தது சங்கிலி, பல் பல்லாக,
நுகம் கழற்றிய பிறகும்
செக்கைச் சுற்றும் மாடுபோல.
ரயில் பட்டறையில் பதினெட்டு வருஷம் இருந்தவளுக்கு
அந்த ஊர்தல் எங்கே பிறக்கிறதென்று தெரியும்.

பிளக்கைக் கழற்றி அந்தத் துளைவழியே
முடிச்சிட்ட கயிற்றைத் திணித்தேன்.
பிஸ்டன் அதைக் கடித்துக்கொண்டு நின்றது.
கிளட்ச்சுக்குத் தலைகீழ் மறை:
இறுக்கும் பக்கம் திருப்பினால்தான் கழலும்.
லோய்ஸே மறுபக்கம் முயன்றிருக்கிறான்.
அறுகோணத்தின் மூலைகள் மழுங்கிக் கிடந்தன.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாததைக் கேட்டுவிட்டு
அவன் போய் என் அடுப்புக்கு விறகு வைத்தான்.

டிரம் உருவி வந்தது.
உள்ளே மோதிரம் அளவுக்கு ஒரு கூண்டு,
கூண்டுக்குள் பத்து ஊசிகள்.
வெள்ளியாக இருக்கவேண்டியவை
மயில்கழுத்து நீலம்.
உருளவேண்டியது உராய்ந்திருக்கிறது.
சூடு பூசிய நிறம், எதில் கழுவினாலும் போகாது.

சுற்றிலும் ஏதோ பச்சைப் பிசின்.
நகத்தால் சுரண்டி மோந்தேன்.
"என்ன ஊற்றினாய்?"
சங்கிலி எண்ணெய் மூன்றாம் நாளே தீர்ந்துவிட்டதாம்.
பூசணி விதை எண்ணெய்.
சாலட்டுக்கு வைத்திருந்தது.
வறுத்த வாசனை, உண்மையில் எனக்குப் பசித்தது.
சிரித்துவிட்டேன்.
அவன் சிரிக்கவில்லை.

"மேல் வளைவில் ஸ்லாவ்கோவின் தொழுவம்," என்றான்.
"நாற்பது பசு. யாரும் போக வழியில்லை.
கறக்காத மடியோடு கத்துகின்றன.
ரம்பத்தை நிறுத்தினால் கேட்கும்.
அதனால் நிறுத்தவில்லை."

சங்கிலிக்கு ஊற்றிய எண்ணெய்
பேரிங்குக்குப் போகாது என்று
இதற்குப் பிறகு யார் சொல்வது?
தண்டை நகத்தால் வருடிப் பார்த்தேன்;
கீறல் இல்லை, பிழைத்தது.
காபி டப்பாவில் புதுக் கூண்டு ஒன்று இருந்தது,
மெழுகுத்தாள் சுற்றியபடி.
பட்டாணி அளவு கிரீஸ்,
ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே விரலால் அமுக்கினேன்.
"இன்னும் வை," என்றான், "வேலை நிறைய இருக்கிறது."
"மிஞ்சினால் தெறித்துக் கிளட்ச்சில் படும்.
அப்புறம் பிடிக்கவேண்டிய நேரத்தில் பிடிக்காது."
அலகு நுனியின் சின்னத் துளையிலும் செலுத்தினேன்,
பழைய கறுப்பு வெளியேறிப்
புதுசு எட்டிப்பார்க்கும் வரை.

பூட்டினேன். இழுத்தேன்.
இன்ஜின் முணுமுணுத்தது.
சங்கிலி அசையவில்லை.
இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
அசையாத ஒன்றை, வெகுநேரம்.

காபி கொடுத்தேன்.
கோப்பை தட்டில் கிடுகிடுத்தது.
நுனி வெளுத்த விரல்கள்,
மேஜைமேல் வைத்தாலும், மடியில் வைத்தாலும்
தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.
அதற்கு என் டப்பாவில் ஒன்றுமில்லை.
பாதி ஊற்றி, பெரிய குவளையில்,
இரண்டு கையாலும் பிடிக்கும்படி கொடுத்தேன்.

"கறந்தாயிற்றா?"
"ஸ்லாவ்கோவின் மகள் கறக்கிறாள். கையால்.
ஆறு பசுவை இழந்துவிட்டோம்."

மறுநாள் புட்டியில் மிச்சமிருந்ததை
அவனே கொண்டுவந்தான்.
வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல்
கரும்பச்சையாக ஊற்றிச் சாப்பிட்டோம்.
பேரிங் என்ன விலை என்று கேட்டான்.
ஒன்பது யூரோ என்றேன்.
பதினொன்று.

நீலக் கூண்டு என் மேலங்கிப் பையில் கிடக்கிறது.
நடக்கையில் விரல்விட்டுச் சுழற்றுகிறேன்.
ஒரே இடத்தில் இரண்டு முறை தடுக்குகிறது.